மழையும் வறட்சியும்: ஆங்கிலேய, ஐரிஷ் பழமொழிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பழமொழிப் பாடத்தில் மழை, தண்ணீர், கிணறு என்று வந்துவிட்டால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் கேட்பதோடு முடிவதில்லை. அழைத்துப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

மழை வந்தால் நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆங்கிலப் பழமொழிகளில் மட்டும் மழை என்றாலே ஏன் கஷ்டகாலம்?

லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையில் 1,400 மி.மீ. ஆனால் சென்னை மழை ஏறக்குறைய அறுபது நாளில் கொட்டித் தீர்த்துவிடும். லண்டன் மழையோ நூறு நாளுக்கு மேல் சிறுகச் சிறுகத் தூறும். அயர்லாந்து இன்னும் மோசம். அதன் கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 150 நாளும், அட்லாண்டிக் கடலைப் பார்த்த மேற்குப் பகுதியில் 225 நாள் வரையும் மழை நாட்கள்தான்.

ஆகவே அங்கே உழவன் அண்ணாந்து பார்த்தது மழைக்காக அன்று. சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் கிடைக்குமா என்பதற்காக. "மழை நாளுக்கென்று எடுத்து வை" என்ற பழமொழியில் மழை நாள் என்பது கைச்செலவுக்குக் காசில்லாத நாள். வயலில் இறங்க முடியாத அன்று அன்றாடக் கூலிக்காரனுக்குக் கூலி ஏது? இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாக விளங்கிவிடும்.

"வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவை" என்கிறார்கள். ஒரு நாள் தாமதமானால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

குடி முழுகத்தான் செய்யும். அந்த நாடுகளில் குளிர்காலத்தில் புல் வளராது. நவம்பர் முதல் மார்ச் வரை மாடும் குதிரையும் தின்ன வேண்டியதெல்லாம் கோடையில் அறுத்து உலர்த்திய புல். அறுத்த புல்லை வயலிலேயே பரப்பி, காலையில் பனி உலர்ந்ததும் புரட்டி, மாலையில் வரிசையாக ஒதுக்கி, மறுநாள் மீண்டும் பரப்பி, நல்ல வெயில் என்றாலே மூன்று நாலு நாள் வேலை. இடையில் ஒரு மழை பிடித்தால் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். பூஞ்சைக் காளானும் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, சரியாகக் காயாததை அவசரப்பட்டுப் போர் போடுவது. ஈரப் புல்லில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளப்பும். போரின் நடுவே அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில வாரம் கழித்துத் தானாகவே தீப்பிடித்துக் களஞ்சியமே எரிந்துபோவதுண்டு. ஈரத்தால் தீப்பிடிக்கும் என்பதை வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை. ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இந்தப் பழமொழி இருக்கிறது. அன்று அதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

தேர்வில் இதற்கு "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?

உண்டு. அறிவுரை ஒன்றேதான், அங்கே புல்லுக்கு வெயில், இங்கே நெல்லுக்குக் காற்று. இதுபோல் "சொட்டுநீர் கல்லையும் கரைக்கும்" என்ற ஆங்கிலப் பழமொழிக்கு "எறும்பு ஊரக் கல்லும் தேயும்", கிணறு வற்றியபின் தண்ணீரின் அருமைக்கு "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்று எழுதலாம். இந்த ஜோடி சேர்க்கும் வேலை புதிதன்று. பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் அச்சிட்டார்.

ஆனால் ஜோடியைப் பாடம் செய்துவிட்டு, ஏன் ஒருவன் வெயிலையும் இன்னொருவன் காற்றையும் பிடித்தான் என்று கேட்காமல் விடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பழமொழியில் ருசியே அங்கேதான் இருக்கிறது.

"பெய்தால் கொட்டித்தான் தீரும்" என்கிறார்களே, தூறல்தான் அதிகம் என்று நீங்களே சொன்னீர்கள். முரண்படுகிறதே?

இது வானிலைச் செய்தி இல்லை. துன்பம் தனியாக வராது என்பதற்கு மழையைச் சாக்காக எடுத்துக்கொண்டார்கள். நம்முடைய "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" போல. 1726இலேயே ஜான் ஆர்பத்னாட் இதைச் சற்று மாற்றி ஒரு துண்டு நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அமெரிக்காவில் மார்ட்டன் உப்பு நிறுவனம் 1914இல் இதைத் தலைகீழாகத் திருப்பியது. ஈரக் காற்றில் உப்பு கட்டிதட்டும் அல்லவா? தங்கள் உப்பு மழை நாளிலும் கட்டாமல் கொட்டும் என்று குடை பிடித்த சிறுமியின் படத்தோடு விளம்பரம் செய்தார்கள். கெட்ட செய்தி நல்ல செய்தியாகிவிட்டது.

பழமொழி சொல்லுக்குச் சொல் பலித்த சந்தர்ப்பமும் உண்டு. 1976 கோடையில் இங்கிலாந்து வறண்டது. தென்பகுதியில் தொடர்ந்து 15 நாள் எங்காவது ஓரிடத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டியது. ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கான அமைச்சராக நியமித்தார்கள். சில நாட்களுக்குள் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளத்தையும் அவரே கவனிக்க வேண்டியதாயிற்று. 1978–79 குளிர்காலத்தில் பனிப்பொழிவுக்கும் அவரே பொறுப்பானார்.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் கிணறு எப்படி வற்றும்? அந்தப் பழமொழியே பொய்யாகத் தெரிகிறதே?

"கிணறு வற்றும்வரை தண்ணீரின் அருமை தெரிவதில்லை" என்பது 1721இல் ஜேம்ஸ் கெல்லி தொகுத்த ஸ்காட்லாந்துப் பழமொழிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1746 பஞ்சாங்கத்தில் எடுத்தாண்டார். அயர்லாந்திலும் இது அன்றாடப் பேச்சில் புழங்குகிறது.

மழை பெய்வது வேறு, தண்ணீர் தங்குவது வேறு. அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்தில் பரன் என்றொரு சுண்ணாம்புக்கல் மேடு இருக்கிறது. எவ்வளவு பெய்தாலும் பாறை வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மேலே ஓடுகிற ஆறு அரிது. அந்தச் சுண்ணாம்பு நிலத்தில் டர்லாக் எனப்படும் ஏரிகள் உண்டு. குளிர்காலத்தில் அலையடிக்கும் ஏரி, கோடையில் நிலத்தடித் துளை வழியே வடிந்து மாடு மேயும் புல்வெளியாகிவிடும். 1651இல் அந்தப் பக்கம் படையோடு போன, ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல்லின் தளபதி எட்மண்ட் லட்லோ, ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரில்லை, தூக்கிலிட மரமில்லை, புதைக்க மண்ணில்லை என்று எழுதினார். தளபதிக்கு எதெல்லாம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் மாதத் தூசிக்கு ராஜாவின் மீட்புத்தொகை அளவு மதிப்பு என்கிறார்களே, தூசிக்குப் போய் யார் காசு கொடுப்பார்கள்?

அந்தப் பழமொழியில் தூசியின் அளவு ஒரு பெக். ஏறத்தாழ ஒன்பது லிட்டர் பிடிக்கிற மரக்கால். போரில் சிறைப்பட்ட அரசனை மீட்கக் கொடுக்கும் தொகை அதற்கு ஈடாம். இங்கிலாந்தின் பல பகுதிகள் கனத்த களிமண் நிலம். குளிர்காலம் முழுக்க ஊறிக் கிடக்கும் அந்த மண்ணில் ஏர் இறக்கினால் சேறு கொழுவில் அப்பிக்கொள்ளும். ஈரத்தில் உழுத கட்டி பிறகு காய்ந்து கல்லாகிவிடும். மார்ச்சில் மண் தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்தால்தான் வாற்கோதுமையும் ஓட்ஸும் காலத்தில் விதைக்க முடியும். தூசி கிளம்புகிறது என்றால் விதைப்பு தப்பாது என்று அர்த்தம்.

ஒரு பழமொழி மே மாதம் காய வேண்டும், ஜூன் சொட்ட வேண்டும் என்கிறது. இன்னொன்று மே நனைய வேண்டும், ஜூன் காய வேண்டும் என்கிறது. எது சரி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். "காய்ந்த மே, சொட்டும் ஜூன், எல்லாம் சுதி சேரும்" என்பது இங்கிலாந்தில் சொல்வது. "நனைந்த மே, காய்ந்த ஜூன், உழவன் சீட்டியடிப்பான்" என்பது அயர்லாந்தில் அதிகம் கேட்பது. இரண்டும் எதுகை போட்டு வருவதால் இரண்டும் சமமாக உண்மைபோலத் தொனிக்கின்றன.

சொல்பவன் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அயர்லாந்தில் பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். மே மாதம் பெய்தால் புல் இடுப்பளவு வளரும். ஜூன் காய்ந்தால் அதை அறுத்து உலர்த்தலாம். அத்தோடு அடுப்பெரிக்க அவர்கள் நம்பியது சதுப்பு நிலத்துக் கரி. மட்கிய தாவரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த அந்த மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஸ்லான் என்னும் இறக்கை வைத்த மண்வெட்டியால் ஏப்ரல், மே மாதங்களில் செங்கல் செங்கலாக வெட்டி எடுத்துப் பரப்புவார்கள். வெட்டிய புதிதில் அது கையில் வழுக்கும். அழுத்திப் பிடித்தால் விரல் பதிந்துவிடும். மேல்தோல் சற்று இறுகியதும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள், நடுவே காற்று புகுந்து போக. முதுகு ஒடிகிற வேலை. ஜூன் காயாவிட்டால் அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் புகைதான் வரும், கணப்பு வராது.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் தானியச் சாகுபடி அதிகம். மே காய்ந்தால் களையெடுக்கலாம். ஜூனில் கதிர் வெளிவரும் சமயம் ஈரம் கிடைத்தால் மணி திரளும். இது என் கணிப்பு. இங்கிலாந்துக்குள்ளேயே நனைந்த மே மாதத்தைப் புகழும் பழமொழியும் இருப்பதால் எல்லைக்கோட்டை அழுத்தமாகப் போட மாட்டேன்.

"வறட்சியால் இங்கிலாந்தில் பஞ்சம் வந்ததில்லை" என்று ஒரு பழமொழி. கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. திமிரா?

வறண்ட சீமையிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்கள் சொல்ல வருவது, தங்களைக் கொன்றது ஈரம் என்பதை. 1315இல் வசந்தம் முதல் விடாமல் பெய்த மழையில் வட ஐரோப்பா முழுவதும் பயிர் அழுகியது. முன்பே சொன்ன புல் காயவில்லை, கால்நடை செத்தது. உப்பளங்களில் நீர் காயாததால் உப்பு விலையும் ஏறி, இறைச்சியைப் பதப்படுத்தவும் வழியில்லாமல் போயிற்று. 1317 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இங்கிலாந்தும் அயர்லாந்தும் தப்பவில்லை.

1845இல் அயர்லாந்து உருளைக்கிழங்கைத் தாக்கிய கருகல் நோயும் ஈரத்தில் பரவுவதே. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். மாண்டதற்கு மழை மட்டும் காரணமில்லை. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த தேசத்தில் அரசின் கைக்கும் பங்குண்டு. நோயின் வழியை மட்டும் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமலும் வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமலும் பன்னிரண்டு மணி நேரம் நீடித்தால் அந்த நோய் கிளம்பிவிடும் என்பது ஆஸ்டின் பர்க் வகுத்த விதி. ஐரிஷ் வானிலைத் துறை இன்றும் அதைக் கொண்டு எச்சரிக்கை விடுகிறது.

செயிண்ட் ஸ்விதின் நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யுமாமே? உண்மையா?

இல்லை. ஸ்விதின் ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் ஆயர். மழைத்துளி படும்படி வெளியிலேயே புதைக்கச் சொன்னாராம். 971 ஜூலை 15இல் உடலைக் கோயிலுக்குள் மாற்றியபோது கோபமழை கொட்டியது என்பது கதை. 1861 முதல் உள்ள பதிவுகளில் அந்த நாளைத் தொடர்ந்து நாற்பது நாள் விடாமல் நனைந்த ஆண்டும் இல்லை, காய்ந்த ஆண்டும் இல்லை. ஜூலை நடுவில் மேல்காற்றின் போக்கு எப்படி அமைகிறதோ அப்படியே சில வாரம் நீடிக்கும் வழக்கம் உண்டு. பழமொழிக்கு அவ்வளவு பாக்கியம் போதும்.

அப்படியானால் எந்த வானிலைப் பழமொழியைத்தான் நம்பலாம்?

"ஏழுக்கு முன் மழை, பதினொன்றுக்கு முன் தெளிவு" ஓரளவு பலிக்கும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழைப்பட்டை சில மணி நேரத்தில் கடந்துபோவது வழக்கம். "மாலைச் செவ்வானம் மேய்ப்பனுக்கு மகிழ்ச்சி" என்பதும் சரிதான். மத்தேயு நற்செய்தியிலும் இந்தக் கருத்து வருகிறது. அங்கே வானிலை மேற்கிலிருந்து நகர்ந்து வருகிறது. சூரியன் மறையும் மேற்கில் வானம் தெளிந்திருந்தால் அடுத்து வரப்போவது காய்ந்த காற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை நம்பித் தமிழ்நாட்டில் துணி காயப்போடாதீர்கள். நமக்கு மழை வருவது எதிர்த்திசையிலிருந்து.

"ஓக் முந்தினால் சாரல், ஆஷ் முந்தினால் முழுக்கு" என்பதை நம்பவே வேண்டாம். எந்த மரம் முதலில் துளிர்க்கிறது என்பது கடந்துபோன வசந்தத்தின் வெப்பத்தைச் சொல்லும். ஓக் வெப்பத்துக்கு விரைந்து இசைவதால் இப்போது பெரும்பாலும் அதுவே முந்துகிறது. வரப்போகும் கோடை மழை மரத்துக்கு எப்படித் தெரியும்?

"கடவுளை நம்பு, வெடிமருந்தை உலர்வாக வைத்துக்கொள்" என்றது கிராம்வெல்தானே?

பழமொழி நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் வாசகம் அச்சில் தெரிவது 1834இல், அவர் இறந்து 176 ஆண்டுக்குப் பிறகு. அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தைச் சேர்ந்த வில்லியம் பிளாக்கர் எழுதிய பாட்டில் கிராம்வெல்லின் வாயில் அது வைக்கப்படுகிறது. தீவின் வடபகுதியான அல்ஸ்டரின் புராட்டஸ்டண்டுகளுக்கு உறுதி ஊட்டுவதற்கான பாட்டு அது. 1649இல் டிராகிடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் நடந்த படுகொலைகளால் கத்தோலிக்க அயர்லாந்து இன்றும் சபிக்கிற பெயர் கிராம்வெல். ஒரு தீவின் ஒரு பாதிக்கு நீதிமொழி, மறுபாதிக்கு மிரட்டல். கருமருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் பற்றாது என்பது மட்டும் இருதரப்புக்கும் பொது.

"காற்றடிக்கும் நாள் கூரை வேயும் நாளன்று" என்ற ஐரிஷ் பழமொழியில் ஈரம் எங்கே வருகிறது?

கூரை பிய்ந்தால் உள்ளே வருவது எது? அதுதான். பழமொழி உண்மையில் சொல்வது கூரையைக்கூட இல்லை, வைக்கோலைப் பிணைக்கும் கம்பை. கட்டைவிரல் பருமனுக்கும் மெலிந்த ஹேசல் அல்லது வில்லோ குச்சியின் இரு முனையையும் சீவி, நடுவில் முறுக்கி மடக்கிப் பழைய கூரையில் குத்துவார்கள். அந்தக் கம்புகளை முன்கூட்டியே வெட்டிச் சீவி வைத்திருக்க வேண்டும். புயல் நாளில் கத்தியைத் தேடாதே என்பது பொருள். முதலில் சொன்ன புல் பழமொழிக்கு இது அண்ணன் தம்பி முறை.

பூனைக்கு மீன் வேண்டும், கால் நனையக் கூடாது: இது ஆங்கிலமா, ஐரிஷா?

இரண்டிலும் உண்டு. ஹேவுட்டிடம் இருக்கிறது, ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் கணவனைக் கோழை என்று குத்திக்காட்டும் மனைவி இந்தப் பூனையைத்தான் குறிப்பிடுகிறாள். ஐரிஷ் மொழியிலும் சொல்கிறார்கள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று சண்டை போடுவது வீண். பூனை எல்லா ஊரிலும் அப்படித்தான்.

குடியைப் பற்றி ஐரிஷ்காரர்கள் பெருமையாகத்தானே பேசுவார்கள்?

சுற்றுலாக் கடைக் கோப்பைகளில் அச்சடித்திருப்பதை வைத்துச் சொல்கிறீர்கள். மரபான பழமொழிகள் கண்டிப்பானவை. "துளி உள்ளே போனால் புத்தி வெளியே" என்பது ஐரிஷ். "எப்போதும் குடி, எப்போதும் தாகம்" என்பது ஆங்கிலம். ஈரமும் உலர்வும் ஒரே வாயில் சேரும் இடம் இது.

இணையத்தில் சுற்றுகிற "பழைய ஐரிஷ் பழமொழி" உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அது பழமொழிதானா என்று பாருங்கள். "உன் வயல்மீது மழை மென்மையாகப் பெய்யட்டும்" என்பது வாழ்த்து, பழமொழி அன்று. அடுத்து, அதற்கு ஐரிஷ் மொழி வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். "எவ்வளவு பெரிய வெள்ளமும் வடிந்தே தீரும்" என்பதற்கு உண்டு. இறையருளின் வெள்ளம் மட்டும் விதிவிலக்கு என்று வால் சேர்த்தும் சொல்வார்கள்.

தேட நல்ல இடமும் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. பழமொழி, வானிலைக் குறி, பஞ்சக் கதை எல்லாம் குழந்தைக் கையெழுத்தில் குவிந்தன. அது இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கிறது, கணினியிலேயே படிக்கலாம்.

"தூக்கில் தொங்கப் பிறந்தவன் தண்ணீரில் சாகமாட்டான்" என்கிறார்களே, இது ஆறுதலா, சாபமா?

கப்பல் ஆடும்போது ஆறுதல். கரை சேர்ந்தபின் சாபம். ஆங்கிலத்திலும் ஐரிஷிலும் இருக்கிறது. பரன் மேட்டில் மட்டும், லட்லோ சொன்னபடி பார்த்தால், இரண்டுக்கும் வழியில்லை.

நம்முடைய "முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

ஈரத்தோடு ஒத்துவருவது எனக்கு அகப்படவில்லை. கருத்தில் நெருங்குவது "ஆட்டுக்குட்டிக்காகத் தூக்கில் தொங்குவதைவிட ஆட்டுக்காகவே தொங்கலாம்" என்பது. இங்கிலாந்தில் 1832 வரை ஆடு திருடினால் மரண தண்டனை. குட்டியைத் திருடினாலும் அதே தண்டனை. எப்படியும் கழுத்துக்குக் கயிறுதான் என்றால் பெரியதையே பிடிக்கலாமே என்கிற கணக்கு. தேர்வில் கேட்டால் இதை எழுதுங்கள்.